ஒரே நேரத்தில் பல கதைகள்: எப்படிப் பிரித்து எழுதுவது? எழுத்துக்குழுவால் பயன் உண்டா?

பாதிநாவல்

கையில் இப்போது ஒரு நாவல் (முதல் வரைவு, பாதியில் நிற்கிறது), ஒரு குறுநாவல் (முதல் வரைவு முடிந்தது, திருத்தவில்லை), மூன்று சிறுகதைகள். ஒன்றைத் திறந்தால் இன்னொன்று இழுக்கிறது. கேள்வி இரண்டு. எல்லாவற்றையும் சேர்த்து நகர்த்த முடியுமா, இல்லை ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததா? எழுத்துக்குழுவில் சேர்ந்தால் இதற்கு உதவுமா, இல்லை இருக்கிற நேரமும் போய்விடுமா? "தொடர்ந்து எழுதுங்கள், வாழ்த்துகள்" வகைப் பதில்கள் வேண்டாம். வேலை எப்படி நடக்கும் என்று சொல்லுங்கள்.

மூன்றாம்வரைவு

சேர்த்து நகர்த்தலாம். எத்தனை என்று எண்ணாதீர்கள், எது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். முதல் வரைவு, ஆறப்போட்டது, திருத்தத்தில் இருப்பது, வாசகர் கையில் இருப்பது, இதழுக்கோ பதிப்பகத்துக்கோ அனுப்பியது. ஐந்து படைப்புகள் ஐந்து நிலையில் இருந்தால் பெரிய சுமை இல்லை. இரண்டே நாவல்கள், இரண்டும் முதல் வரைவில் என்றால் இரண்டுமே படுத்துவிடும்.

ஏன் என்றால், முதல் வரைவு எழுதும்போது அந்தக் கதை நாள் முழுக்க மனதின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். பாத்திரம் அடுத்து என்ன சொல்லும் என்பது மேசையில் உட்காரும்போது வருவதைவிடக் குளிக்கும்போதும் நடக்கும்போதும்தான் அதிகம் வருகிறது. அந்த ஓரத்தில் ஒரு கதைக்குத்தான் இடம். திருத்தம் அப்படியல்ல. கண்முன் இருக்கும் பக்கத்தை வெட்டுகிறோம், இடம் மாற்றுகிறோம், கோப்பை மூடியதும் அது மூடிக்கொள்கிறது. அதனால் "முதல் வரைவில் ஒன்று, திருத்தத்தில் ஒன்று, மற்றதெல்லாம் காத்திருப்பில்" என்பதே பெரும்பாலோருக்குத் தாங்கும் அளவு.

உங்கள் பட்டியலுக்கு: நாவல்தான் முதல் வரைவு. சிறுகதைகளில் எது முடிவுக்கு மிக அருகில் இருக்கிறதோ அது திருத்தம். குறுநாவல் இன்னும் ஆறு வாரமாவது மூடியிருக்கட்டும். மற்ற இரண்டு சிறுகதைகளும் மூடியவை. மூடியவை என்றால் கோப்பைத் திறப்பதே இல்லை.

ஒரு எக்செல் தாள் போடுங்கள். பெயர், நிலை, கடைசியாகத் தொட்ட தேதி, அடுத்து செய்யவேண்டியது, யார் கையில் இருக்கிறது, எப்போது திரும்ப வரும். இதில் முக்கியமான கட்டம் "அடுத்து செய்யவேண்டியது". "நாவலைத் தொடரவேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. "அக்காள் கடிதத்தைக் கண்டுபிடிக்கும் காட்சி, வீட்டுக்குள் நுழைவதிலிருந்து" என்று எழுதினால் உட்கார்ந்த உடனே தொடங்கலாம். அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாத படைப்புக்கு எழுத்து நேரம் ஒதுக்காதீர்கள். அதற்குத் தேவை யோசிக்கும் நேரம், அதை வேறு பொழுதில் வைத்துக்கொள்ளலாம்.

ஒற்றெழுத்து

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் பல கதைகளை மாற்றி மாற்றி எழுதுபவர்களிடம் முதலில் கெடுவது நேரமல்ல, நடை. ஒரு கதையின் குரல் அடுத்த கதைக்குள் கசிந்துவிடும். தமிழில் இது எங்கே தெரியும் என்று சொல்கிறேன், உங்கள் வரைவுகளை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது மரியாதை விகுதி. நாவலில் கதைசொல்லி தந்தையை "அவர்" என்கிறார், சிறுகதையில் அதே வயதுள்ள ஆளை "அவன்" என்கிறார். இரண்டையும் ஒரே வாரத்தில் எழுதினால் பத்தி நடுவில் "வந்தார்" என்று தொடங்கி "உட்கார்ந்தான்" என்று முடியும். எழுதும்போது கண்ணில் படாது. வாசகருக்கு அந்த ஒரு விகுதியில் கதைசொல்லியின் மனநிலையே மாறிவிட்டதாகத் தோன்றும்.

அடுத்தது காலம். ஒரு கதை இறந்தகாலத்திலும் இன்னொன்று நிகழ்காலத்திலும் இருந்தால், மாறிய பிறகு வரும் முதல் இரண்டு பத்திகளில் "நின்றாள்", "நிற்கிறாள்" கலக்கும். திருத்தும்போது ஒவ்வொரு நாள் எழுத்தும் தொடங்கிய இடத்தில் கூடுதலாகக் கவனம் வையுங்கள். பிழை அங்கேதான் குவிந்திருக்கும்.

மூன்றாவது, பேச்சு வழக்கை எழுதும் முறை. "போயிட்டான்" என்பதா, "போய்ட்டான்" என்பதா? "எங்கிட்ட" என்பதா, "என்கிட்ட" என்பதா? எதுவானாலும் சரி, ஒரே கதைக்குள் ஒன்றாக இருக்கவேண்டும். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரே ஒரு பக்கத்தில் நடைக்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். கதைசொல்லி யார், எந்தக் காலம், யாரை அவர் என்பது, யாரை அவன் என்பது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் (அண்ணியா, மதினியா), பேச்சில் வரும் முப்பது சொற்களுக்கான எழுத்து வடிவம், வாக்கியம் பொதுவாக நீளமா குறுக்கமா. அதன் கீழே, அந்தக் கதையில் நன்றாக வந்திருக்கும் ஒரு பத்தியை அப்படியே ஒட்டிவையுங்கள். மாறி வரும்போது அந்தப் பத்தியை வாய்விட்டு இரண்டு முறை வாசித்துவிட்டுத் தொடங்கினால் காது பழைய குரலுக்குத் திரும்பிவிடும். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலோப் காலை மூன்று மணி நேர எழுத்தில் முதல் அரை மணியை முந்தின நாள் எழுதியதை வாசிப்பதற்கே கொடுத்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சொற்களின் ஓசையைக் காதால் நிறுத்துப் பார்ப்பதுதான் அதன் நோக்கம்.

பெயர்களையும் பாருங்கள். நாவலில் செல்வி, குறுநாவலில் செல்லம், சிறுகதையில் செண்பகம் என்று இருந்தால் ஒருநாள் செல்வி தவறான வீட்டுக்குள் நடந்துபோவாள்.

பாதிநாவல்

நடைக்குறிப்பு இதுவரை யோசித்ததே இல்லை, இன்றே போடுகிறேன். நேரப் பிரிவு எப்படி? காலையில் நாவல், இரவில் சிறுகதை என்றா, இல்லை வாரத்துக்கு ஒன்றா?

காலைப்பக்கம்

மூன்று முறைகள் நடைமுறையில் இருக்கின்றன.

நாளையே பிரிப்பது. காலை முதல் வரைவு, மாலை திருத்தம். நடுவில் சாப்பாடோ வேலையோ தூக்கமோ இருந்தால் இது நன்றாகவே ஓடும். இடைவெளி இல்லாமல் ஒன்றை மூடி அடுத்ததைத் திறந்தால் இரண்டாவது கதைக்குப் பாதி மனம்தான் கிடைக்கும்.

வாரத்தைப் பிரிப்பது. ஐந்து நாள் நாவல், ஒரு நாள் சிறுகதை, ஒரு நாள் ஓய்வு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் எளிது. நாவலை நாலு நாளுக்கு மேல் தொடாமல் விடாதீர்கள். அதற்குமேல் போனால் அடுத்த முறை உட்காரும்போது பாதி நேரம் பழையதைப் படிப்பதிலேயே கழியும்.

கட்டத்தைப் பிரிப்பது. நாவலில் ஒரு பாகம் முடியும்வரை அது மட்டும், பாகம் முடிந்ததும் இரண்டு வாரம் சிறுகதைகள். நாவலாசிரியர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். ஆனால் நிறுத்தும் இடம் பாகத்தின் முடிவாக இருக்கக்கூடாது. அடுத்த பாகத்தின் முதல் காட்சியில் அரைப்பக்கம் எழுதிவிட்டு நிறுத்துங்கள். திரும்பி வரும்போது வெறும் பக்கம் காத்திருக்காது.

எந்த முறையானாலும் மூடும் முன் ஐந்து நிமிடம் நிறுத்தற்குறிப்பு, அதாவது எங்கே நிறுத்தினோம், அடுத்து என்ன என்ற குறிப்பு, எழுதவேண்டும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், முடிக்காத வேலையிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, இரண்டாவது வேலையின் தரம் குறைகிறது என்று காட்டினார். 2018-இல் தெரசா குளோமுடன் சேர்ந்து செய்ததில், எங்கே நிற்கிறோம், திரும்பியதும் என்ன செய்யப்போகிறோம் என்று சுருக்கமாக எழுதிவைத்தால் அந்தப் பாதிப்பு குறைகிறது என்பதும் தெரிந்தது. அவை அலுவலக வேலைபோன்ற பணிகளைப் பற்றிய ஆய்வுகள். கதைக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

நிறுத்தற்குறிப்பு இப்படி இருக்கவேண்டும்:

"மாரி கிணற்றடியில் நிற்கிறான். சாவி அவனிடம் இருப்பது தங்கைக்குத் தெரியாது. அடுத்து அவள் கேட்கவேண்டியது: அம்மா எங்கே. அவன் பொய் சொல்லவேண்டும், பொய் அவனுக்கே வலிக்கவேண்டும். வெயில் இறங்கும் நேரம். மூன்றாம் அத்தியாயத்தில் சாவியைப் பெட்டிக்குள் வைத்தது நினைவிருக்கட்டும், அங்கே ஒரு வரி மாற்றவேண்டும்."

ஐந்தாறு வரி போதும். நிகழ்வு, யாருக்கு என்ன தெரியும், அடுத்த அசைவு, பின்னால் போய்த் திருத்தவேண்டியது. இதைக் கோப்பின் மேலே அடைப்புக்குறிக்குள் வையுங்கள், தனிக் குறிப்பேட்டில் வைத்தால் தேடவேண்டி வரும்.

வெள்ளைத்தாள்

மாற்றுக்கருத்து. பல கதைகளைக் கையில் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் நாவலின் நடுப்பகுதியிலிருந்து தப்பி ஓடுகிறார்கள். நாற்பது சதவீதம் தாண்டியதும் தொடக்கத்தின் வேகம் தீர்ந்துபோகும், முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் வரும் புதுக் கதை எப்போதும் நாவலைவிட அழகாகவே தெரியும், ஏனென்றால் அதன் நடுப்பகுதியை இன்னும் எழுதவில்லை. பாதிநாவல் அவர்களின் பட்டியலைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வருகிறது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள் என்பதே என் பதில்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1837 பிப்ரவரி முதல் நவம்பர் வரை பிக்விக், ஆலிவர் டுவிஸ்ட் என்ற இரண்டு நாவல்களையும் மாதத் தொடராக எழுதினார், உண்மைதான். ஆனால் அவருக்கு அச்சகம் காத்திருந்தது, தவணை கட்டாயம். அந்தக் கட்டாயம் இல்லாதவர்கள் அவரைப் பார்த்து இரண்டு நாவல் தொடங்கக்கூடாது.

மூன்றாம்வரைவு

டிக்கன்ஸ் பற்றிச் சொன்னதில் இன்னொன்றும் சேர்க்கவேண்டும். அந்த வருடம் மே மாதம் மனைவியின் தங்கை இறந்தபோது ஜூன் தவணை இரண்டு கதையிலும் வரவில்லை. இரண்டு முதல் வரைவுகளை ஒன்றாக ஓட்டினால், ஒன்று நிற்கும்போது மற்றதும் நிற்கும்.

தப்பி ஓடுவதையும் நியாயமான மாற்றத்தையும் பிரிக்க வழி உண்டு. மாறும் முன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் எழுதுங்கள். இந்தக் காட்சியில் எனக்குத் தெரியாதது என்ன? அதைத் தெரிந்துகொள்ள என்ன செய்யவேண்டும்? "அவள் ஏன் திரும்பி வருகிறாள் என்று தெரியவில்லை" என்று எழுத முடிந்தால் அது சிக்கல், அதற்கு விடை தேடலாம், ஒரு வாரம் வேறு கதையில் இருக்கலாம். "தெரியாதது எதுவும் இல்லை, எழுதப் பிடிக்கவில்லை" என்று வந்தால் அது ஓட்டம். அப்போது உட்கார்ந்து மோசமாகவாவது இருநூறு சொல் எழுதவேண்டும். அந்த மோசமான இருநூறு சொல்லில்தான் பெரும்பாலும் காட்சி தவறான இடத்தில் தொடங்கியிருப்பது தெரியவரும்.

புது யோசனைக்கு ஒரு பக்கம், இருபது நிமிடம். அதற்குள் எழுதிவைத்து மூடிவிடுங்கள். முதல் வாக்கியத்தை மட்டும் எழுதாதீர்கள். முதல் வாக்கியம் எழுதிவிட்டால் கதை தொடங்கிவிட்டதாக மனம் கணக்கு வைத்துக்கொள்ளும்.

சுற்றுவாசிப்பு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குழு உதவும், ஆனால் எதற்கு உதவும் என்று தெரிந்து சேரவேண்டும். முதல் பயன் தேதி. "பதினான்காம் தேதி மூவாயிரம் சொல் அனுப்பவேண்டும்" என்பது ஐந்து கதைகளில் எதைத் தொடுவது என்ற கேள்வியையே தீர்த்துவிடும். இரண்டாவது பயன், அடுத்தவர் பிரதியைப் படித்து, ஏன் இந்த இடத்தில் கவனம் சிதறியது என்று காரணம் கண்டுபிடித்துச் சொல்லும் பயிற்சி. தன் பிரதியில் தெரியாதது அடுத்தவர் பிரதியில் தெரியும், அப்புறம் தன் பிரதியிலும் தெரியத் தொடங்கும். நம் கதைக்குக் கிடைக்கும் கருத்துகளை நான் மூன்றாம் இடத்தில்தான் வைப்பேன்.

அளவு: ஐந்து பேர். நால்வராக இருந்தால் ஒருவர் வராத நாளில் கூட்டம் சோர்ந்துவிடும். ஏழு பேர் என்றால் உங்கள் முறை வர மாதக்கணக்கு ஆகும்.

இரண்டு மணி நேரக் கூட்டத்தில் இரண்டு பிரதிகள். ஒரு பிரதிக்கு நான்கு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம், இருபது. எழுதியவர் பதிலுக்கு ஐந்து. பொதுப் பேச்சு இருபது. ஆக முக்கால் மணி. இரண்டுக்கும் ஒன்றரை மணி. மீதி அரைமணியில் தாமதம், இடைவேளை, அடுத்த தேதி. பிரதி ஐந்து நாள் முன்னதாக வந்துசேரவேண்டும். எல்லோரும் இரண்டு முறை படிக்கவேண்டும். முதல் முறை பேனா இல்லாமல், இரண்டாவது முறை பேனாவோடு. முதல் முறையே திருத்தக்குறி போடுபவர் கதையைப் படிப்பதில்லை, வாக்கியங்களைப் படிக்கிறார்.

பேசும் ஒழுங்குக்கு, அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் 1956-இல் அமெரிக்காவின் மில்ஃபோர்டு ஊரில் தொடங்கிய பட்டறையின் முறை இன்றும் பலரால் பின்பற்றப்படுகிறது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள், குறுக்கே யாரும் பேசக்கூடாது, எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக்கூடாது. எழுதியவர் விளக்கத் தொடங்கினால் வாசகர் "ஓ, அப்படியா" என்று பின்வாங்கிவிடுவார். அச்சில் வந்தபிறகு விளக்க நாம் பக்கத்தில் இருக்கமாட்டோம், அதனால் இந்த விதி நல்லது. முதலில் பேசுபவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்லத் தொடங்குவதுதான் இதன் குறை. அதற்கு மருந்து: எல்லோரும் கருத்தை எழுதிக்கொண்டு வரவேண்டும், பேசி முடித்ததும் அந்தத் தாளையே எழுதியவரிடம் கொடுத்துவிடவேண்டும்.

எழுதியவர் கேள்வி கேட்டுத் தொடங்கும் முறையும் உண்டு. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கியது. முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள். அடுத்து படைத்தவர் கேட்பார். பிறகு மற்றவர்கள் சார்பில்லாத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் "இதைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா" என்று அனுமதி கேட்டபிறகு. பாதியில் நிற்கும் படைப்புக்கு இது பொருத்தம். முடிந்த சிறுகதைக்கு மில்ஃபோர்டு முறையே வேகமானது.

வெள்ளைத்தாள்

சுற்றுவாசிப்பு அவர்களே, பாதிநாவல் அவர்கள் நாவலை அத்தியாயம் அத்தியாயமாகக் குழுவில் வைக்கலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை.

சுற்றுவாசிப்பு

எனக்கும் இல்லை, கணக்கே இடிக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம், வருடத்துக்கு 26. கூட்டத்துக்கு இரண்டு பிரதி, 52. ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பத்து முறை. முறைக்கு மூவாயிரம் சொல் என்றால் வருடத்துக்கு முப்பதாயிரம். அறுபதாயிரம் சொல் நாவலைக் குழு படித்து முடிக்க இரண்டு வருடம். முதல் அத்தியாயம் படித்தவருக்குக் கடைசி அத்தியாயம் வரும்போது முதலாவது மறந்திருக்கும். அமைப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது, வாக்கியத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். எழுதியவரும் அடுத்த அத்தியாயத்தை எழுதாமல் முதல் அத்தியாயத்தை ஏழாவது தடவை மெருகேற்றிக்கொண்டிருப்பார். முதல் மூன்று அத்தியாயம் பளபளப்பாகவும் அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லாமலும் கிடக்கும் நாவல்கள் பெரும்பாலும் இப்படி உருவானவைதான்.

குழுவில் சிறுகதைகளை வையுங்கள். நாவலுக்குத் தேதி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்: "இந்த இரண்டு வாரத்தில் நான்காயிரம் சொல் எழுதினேன்" என்று கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு வரி சொன்னால் போதும், பிரதி காட்டவேண்டாம்.

நாவல் முழு வரைவு முடிந்து ஒருமுறை திருத்தியபிறகு இரண்டு பேருக்கு முழுசாகக் கொடுங்கள். நான்கு வாரம் அவகாசம். ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். ஒருவர் ஒரு நாவலை முதல் தடவையாகப் படிப்பது ஒரே ஒரு தடவைதான். அடுத்த வரைவுக்குப் புதுக் கண் வேண்டுமென்றால் இருவரையாவது இப்போது படிக்கவிடாமல் வைத்திருக்கவேண்டும். படிக்கும்போது ஓரத்தில் நான்கே குறிகள் போடச் சொல்லுங்கள்: சலித்தது, புரியவில்லை, நம்பமுடியவில்லை, பிடித்தது. காரணம் எழுதவேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் "சலித்தது" போட்டிருந்தால் அதற்குப் பத்துப் பக்கம் முன்னால் போய்ப் பாருங்கள். சலிப்புக்குக் காரணம் சலித்த பக்கத்தில் இருப்பது அரிது. முன்னாலேயே ஒரு கேள்விக்கு விடை சொல்லி முடித்திருப்பீர்கள், வாசகர் காத்திருக்க எதுவும் மிச்சம் இருக்காது.

ஒற்றெழுத்து

கோப்பு பரிமாறும்போது வரும் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், குழுக்கள் பாதி நேரத்தை இதில்தான் இழக்கின்றன.

யூனிகோடு மட்டுமே. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். பழைய கதைகளைத் தூசி தட்டி எடுக்கிறவர்கள் முதலில் மாற்றிவிட்டு அனுப்புங்கள். மாற்றியபிறகு ஒருமுறை முழுக்கப் படியுங்கள், சில மாற்றிகள் கொம்பையும் துணைக்காலையும் இடம் மாற்றிப் போட்டுவிடும்.

"கௌதமன்" என்ற பெயரைப் பாருங்கள். இன்னொருவர் "கெளதமன்" என்று அடித்திருப்பார், ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரம். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். பெயரைக் கண்டுபிடித்து மாற்றும்போது பாதி இடத்தில் பழைய பெயரே நிற்கும், அச்சுக்குப் போனபிறகுதான் தெரியும். "ஸ்ரீ"யிலும் இதே சிக்கல், சில விசைப்பலகைகள் ஸகரத்தை வைத்தும் சில ஶகரத்தை வைத்தும் அதை உண்டாக்குகின்றன. பெயர் மாற்றும்போது இரண்டு வடிவத்தையும் தேடுங்கள்.

கோப்புப் பெயரில் போடும் தேதியில் வருடம் முன்னால்: "கிணறு_வரைவு2_2025-03-14". இப்படி வைத்தால் ஃபோல்டரில் தானாக வரிசைப்படும். "கிணறு_இறுதி", "கிணறு_இறுதி_புதுசு" எல்லாம் வேண்டாம். கருத்து சேகரிக்கக் கூகுள் டாக்ஸ் என்றால் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி கொடுங்கள். ஒரே பிரதியில் எல்லோரும் கமெண்ட் போட்டால், இரண்டாவது ஆள் முதல் ஆளின் கமெண்டைப் படித்துவிட்டுத்தான் கதையையே படிப்பார்.

இன்னொரு எச்சரிக்கை. பிரதியைப் பொதுவில் பார்க்கக்கூடிய பக்கத்தில் ஏற்றாதீர்கள். பல இதழ்களும் போட்டிகளும் இணையத்தில் வந்ததை ஏற்கெனவே வெளியானதாகக் கணக்கிடும். இணைப்பு குழு உறுப்பினர்களுக்கு மட்டும் திறக்கும்படி இருக்கட்டும்.

பாதிநாவல்

நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னால் எதை எடுப்பது? ஒருவர் முடிவு அருமை என்கிறார், இன்னொருவர் முடிவை வெட்டு என்கிறார் என்றால்?

மூன்றாம்வரைவு

கேட்ட அன்றே கை வைக்காதீர்கள். எல்லாத் தாளையும் ஒரு வாரம் மூடிவையுங்கள். பிறகு ஒரே பிரதியில் எல்லோருடைய குறிகளையும் நான்கு நிறத்தில் ஏற்றுங்கள். மூன்று நிறம் ஒரே பத்தியில் விழுந்தால் அங்கே கோளாறு உறுதி. அவர்கள் சொல்லும் மருந்து சரியாக இருக்கவேண்டியதில்லை. "அம்மா பாத்திரம் வேண்டாம்" என்று ஒருவரும் "அம்மா பாத்திரத்தை நீட்டு" என்று இன்னொருவரும் சொன்னால் இரண்டுமே ஒரே செய்திதான்: அம்மா இப்போது இருக்கும் அளவில் கதைக்குள் உட்காரவில்லை. நீட்டுவதா வெட்டுவதா என்பது உங்கள் முடிவு.

ஒரே ஒருவர் சொன்னது என்றால், அதைப் படித்தபோது உங்களுக்குள் "தெரிந்ததுதான், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று விட்டேன்" என்று தோன்றியதா பாருங்கள். தோன்றியிருந்தால் அந்த ஒருவர் போதும். தோன்றவில்லை, மற்ற மூவருக்கும் அது படவில்லை என்றால் நன்றி சொல்லி விட்டுவிடலாம். புரியவில்லை என்று ஒருவர் சொன்னால் மட்டும் அவர் எந்த வரியில் புரிதலை இழந்தார் என்று கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் ஒரு எழுவாய் விடுபட்டிருக்கும்.

குழுவுக்கு அனுப்பும்போதே இரண்டு கேள்வி சேர்த்து அனுப்புங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் வரும். "திருடியது தம்பி என்று எந்தப் பக்கத்தில் சந்தேகம் வந்தது?" என்று கேட்டால் பக்க எண் வரும்.

காலைப்பக்கம்

குழுக்கள் ஏன் கலைகின்றன என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பாலும் சண்டையால் அல்ல. சிலர் பிரதி தந்துவிட்டு அடுத்தவர் பிரதியைப் படிக்காமல் வருவார்கள், இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் உழைத்துப் படிப்பவர்கள் விலகிவிடுவார்கள். அதனால் விதி எளிது: முந்தின இரண்டு கூட்டத்துக்கும் எழுத்தில் கருத்துத் தந்தவர் மட்டுமே பிரதி வைக்கலாம். பிரதி வைக்க யாருமில்லை என்றாலும் கூட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள், அந்த நாளில் சேர்ந்து உட்கார்ந்து தொண்ணூறு நிமிடம் எழுதலாம். தள்ளிப்போட்ட கூட்டம் திரும்பக் கூடுவது கடினம்.

வாட்ஸ்அப் குழு தேதிக்கும் கோப்புக்கும் மட்டும். அங்கே கதை பற்றிய கருத்து தொடங்கினால் ஐந்து பேரில் இருவர் சொல்வதே முடிவாகிவிடும்.

சேரும் முன் ஒரு கூட்டம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். பாராட்டு மட்டுமே வருகிறதா, ஒருவரே பேசுகிறாரா, "எனக்கு இந்த வகைக் கதை பிடிக்காது" என்று ஒதுக்குகிறார்களா, அல்லது பக்கம் சொல்லிப் பேசுகிறார்களா என்று பாருங்கள். உங்கள் வகையையே எழுதுகிறவர்கள் வேண்டியதில்லை. உங்கள் வகையைப் படிக்கிறவர் ஒருவராவது இருக்கவேண்டும்.

பாதிநாவல்

இப்படிப் போட்டிருக்கிறேன், சரியா பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை காலை நாவல். சனி முழுக்க ஒரு சிறுகதைத் திருத்தம், அது குழுவுக்கு. ஞாயிறு குழுப் பிரதிகளைப் படிப்பது. குறுநாவல் இரண்டு மாதம் மூடியிருக்கும், அதன்பின் அதைத் திருத்தத்துக்கு எடுப்பேன், அப்போது சிறுகதைகள் மூடப்படும்.

வெள்ளைத்தாள்

நாவல் ஐந்து நாளும் முதல் இடத்தில் இருப்பதால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். ஒரே திருத்தம்: ஞாயிறு படிக்கும் பிரதிகள் திங்கள் காலை எழுத்தைப் பாதிக்கும், அடுத்தவர் நடை காதில் இருக்கும். பிரதிகளைச் சனி மாலைக்கு மாற்றிவிட்டு ஞாயிறை விட்டுவிடுங்கள்.

ஒற்றெழுத்து

அல்லது ஞாயிறே படியுங்கள், ஆனால் திங்கள் காலை நடைக்குறிப்பின் கீழே ஒட்டிய பத்தியை இரண்டு முறைக்குப் பதில் நான்கு முறை வாசியுங்கள். குறுநாவலைத் திருத்தத்துக்கு எடுக்கும் நாளிலும் அப்படியே. இரண்டு மாதம் கழித்து அதன் கதைசொல்லி யாரை "அவர்" என்றார் என்பது நினைவில் இருக்காது, இப்போதே குறிப்பை எழுதிவிட்டு மூடுங்கள்.